தண்ணீர்ப்பாம்புக் கடியும் மந்திரத்தின் யோக்கியதையும்

நமது நாட்டில் ஒரு விசித்திரமான நியாயம் வழங்கி வருகிறது. அதாவது, கடித்தால் ஆளைக் கொன்றுவிடக்கூடிய பாம்புக்கு "நல்லபாம்பு" என்று பெயர் வைத்து, அது குடியிருப்பதாக நினைக்கும் புற்றுக்குப் பால் ஊற்றி, மஞ்சளும் குங்குமமும் அப்பி, கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறோம். கடித்தாலும் ஒரு ஆளையும் கொல்லச் சக்தியில்லாத தண்ணீர்ப்பாம்பைக் கண்டாலோ, ஊர் கூடிக் கம்பும் கல்லும் எடுத்து அடித்து நசுக்குகிறோம். விஷமுள்ளதற்குப் பூசை, விஷமில்லாததற்கு அடி என்கிற இந்த நியாயம் வெறும் வேடிக்கையாக இருக்குமானால் அதைப்பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால், எது விஷப்பாம்பு, எது விஷமில்லாத பாம்பு என்று தெரியாத இந்த மூடத்தனத்தை மூலதனமாக வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. அந்த வியாபாரத்தில் மனித உயிர் போகிறது. ஆதலால்தான் எழுதுகிறோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். இது வானம் பார்த்த சீமை. பருத்தியும் மிளகாயும் சோளமும் பயறு வகைகளும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே விளைகின்றன. திருச்சுழியின் ஸ்தலபுராணத்தில், பிரளய வெள்ளத்தைச் சிவன் தமது சூலத்தால் பூமியில் துளைபோட்டுச் சுழித்து உள்ளே போகும்படி செய்தார் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரை ஒட்டிய குண்டாற்றிலோ வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மணலைத் தவிர வேறொன்றையும் காணோம். உள்ளே போன வெள்ளம் திரும்பி வர மறந்துவிட்டது போலும்! ஆகவே இப்பக்கத்து ஜனங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாயும் ஊருணியும்தான். மழை பெய்து கண்மாய் பெருகினால் தவளை கத்தும். தவளை கத்தினால் அதைத் தின்னத் தண்ணீர்ப்பாம்பு வரும். இது எந்தப் புராணமும் சொல்லாமலே நமது ஜனங்களுக்குத் தெரிந்த விஷயம்.

இப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், கண்மாய் மடையில் மீன் பிடிக்கக் கையை விட்ட பத்து வயதுப் பையனைத் தண்ணீர்ப்பாம்பு கவ்விவிட்டது. கையில் இரத்தம் ஒழுகிற்று. பாம்பை அங்கேயே அடித்துப் போட்டுவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு மந்திரிக்கிறவரிடம் ஓடினார்கள். அவர் வேப்பங்குழையால் தலைமுதல் கால்வரை தடவினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். இரண்டு மிளகைக் கொடுத்து மெல்லச் சொல்லி, "உறைக்கிறதா?" என்று கேட்டார். "உறைக்கிறது" என்றான் பையன். "விஷம் இறங்கிவிட்டது, மூன்று நாளைக்கு உப்பில்லாப் பத்தியம்" என்று சொல்லி, ஒரு சேவலும் ரொக்கமும் பெற்றுக்கொண்டார். மறுநாள் பையன் தெருவில் கோலிக்குண்டு விளையாடினான். மந்திரிக்கிறவர் புகழ் ஏழு ஊருக்குப் பரவிற்று. செத்துக் கிடந்த பாம்பை நாம் பார்த்தோம். அது தண்ணீர்ப்பாம்புதான். அதில் இறக்குவதற்கு விஷமே கிடையாது. இல்லாத விஷத்தை இறக்கியதற்குத்தான் அந்தச் சேவலும் ரொக்கமும்!

நிற்க, அதே ஊரில் அடுத்த பங்குனியில், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு அம்மாளை நடு இரவில் ஏதோ கடித்தது. வீக்கமில்லை, இரத்தமில்லை, வலிகூட அதிகமில்லை. "பையனுக்கு இறக்கினவர் இருக்கும்போது நமக்கென்ன பயம்?" என்று அதே மனிதரிடம் அழைத்துப் போனார்கள். அதே வேப்பங்குழை, அதே முணுமுணுப்பு, அதே மிளகு. மிளகு நன்றாக உறைத்தது. வீட்டுக்குப் போகலாம் என்று உத்தரவாயிற்று. பிறகு அந்த அம்மாளுக்கு வயிற்றுவலி கண்டது, கண் இமைகளைத் தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறிற்று, விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. காலையில் பாயைச் சுருட்டினபோது அதன் அடியில் கட்டுவிரியன் கிடந்தது. வண்டி ஏறியிருந்தால் அரைமணி நேரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

அந்த அம்மாளைக் கொன்றது கட்டுவிரியன் என்று ஊரார் சொல்லுகிறார்கள். நாம் அதோடு விடமாட்டோம். அவரைக் கொன்றது அந்தப் பையனைக் கடித்த தண்ணீர்ப்பாம்பின் பேரால் மந்திரம் சம்பாதித்துக்கொண்ட புகழ் என்றே சொல்லுவோம். கார்த்திகையில் இல்லாத விஷத்தை இறக்கிக் காட்டியதால்தான், பங்குனியில் இருக்கிற விஷத்தை அதே மனிதரிடம் ஒப்படைக்க ஜனங்களுக்குத் துணிவு வந்தது. இதுதான் இந்த வியாபாரத்தின் முழு இரகசியமும்.

இனி, இந்தத் தண்ணீர்ப்பாம்பின் யோக்கியதை என்ன என்பதைக் கவனிப்போம். பெரும்பாலும் இது மூன்றடிக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். சில சமயம் ஐந்தடி வரையும் வளரும். ஆணைவிடப் பெண் பெரியது. மஞ்சளோ பச்சை கலந்த பழுப்போ ஆன உடம்பில், சதுரங்கப் பலகைபோல் கறுப்புக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். கண்ணுக்குக் கீழே ஒன்றும், கண்ணுக்குப் பின்னாலிருந்து வாயை நோக்கி ஒன்றுமாக இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்ந்திருக்கும். முதுகுச் செதில்களைத் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். மீன், தவளை, தலைப்பிரட்டை இவைதான் அதற்கு முக்கிய ஆகாரம். இது முட்டையிடும் ஜாதி. பெரும்பாலும் 30 முதல் 70 முட்டைகள் வரை இட்டு, பெண்பாம்பு முட்டையோடு கூடவே படுத்துக் காக்கும். கண்மாய் வற்றிவிட்டால் கரையிலுள்ள பொந்திலும் வேர்ச் சந்திலும் ஒடுங்கிக் கிடந்து, மழை வந்ததும் வெளியே வரும்.

இந்தப் பாம்பைச் சாஸ்திர முறையில் எழுதி வைத்தவர்கள் நமது பண்டிதர்கள் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த பாட்ரிக் ரஸ்ஸல் என்கிற ஸ்காட்லாந்து டாக்டர், நமது கிழக்குக் கடற்கரைப் பிரதேசத்துப் பாம்புகளைப் பிடித்து, படம் எழுதி, 1796-இல் புஸ்தகமாக வெளியிட்டார். அதில் இந்தப் பாம்பும் இருக்கிறது. அதைப் பார்த்து ஜெர்மன் தேசத்து ஷ்னைடர் என்பவர் 1799-இல் இதற்கு "பிஸ்கேட்டர்" என்று பெயர் கொடுத்தார். லத்தீன் பாஷையில் அதற்கு மீன் பிடிக்கிறவன் என்பது அர்த்தம். கொல்லுகிற பாம்புக்கு நாம் "நல்ல" என்று பெயர் வைத்தோம். அவர்களோ பாம்பு என்ன செய்கிறது என்று பார்த்து அதன் தொழிலைப் பெயராக வைத்தார்கள். பயந்து பெயர் வைப்பதற்கும் பார்த்துப் பெயர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதற்கு விஷமில்லை என்றால் ஜனங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர்ப்பாம்பு மகா கோபக்காரப் பாம்பு. மடக்கிப் பிடித்தால் தலையைத் தூக்கி, கழுத்தைத் தட்டையாக்கி, நாகம் படமெடுப்பதுபோல் காட்டிச் சீறும். விடாமல் பாய்ந்து கடிக்கும். அதன் வாயில் பின்புறமாக வளைந்த சிறு பற்கள் நிறைய இருப்பதால் கடித்த இடத்தில் இரத்தம் தாராளமாக வரும். கடித்தவுடன் வலியில்லாமலும் அடையாளமில்லாமலும் இருக்கும் கட்டுவிரியனோ ஆளைக் கொல்லும். ஆகவே இரத்தத்தைப் பார்த்தும் ஆர்ப்பாட்டத்தைப் பார்த்தும் விஷத்தை அளந்தால் கணக்கு தலைகீழாகத்தான் முடியும். விஷமில்லாத பாம்பு படமெடுப்பதும், மருந்தில்லாத மனிதர் மந்திரிப்பதும் ஒரே தந்திரந்தான். ஒரு வித்தியாசம் உண்டு. பாம்பு தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஏமாற்றுகிறது. மந்திரிக்கிறவர் பிறர் உயிரைப் பணயம் வைத்து ஏமாற்றுகிறார்.

மலையாள நாட்டில், "நீர்க்கோலி கடித்தாலும் இராச்சாப்பாடு போய்விடும்" என்ற கருத்தில் ஒரு பழமொழி உண்டு. நீர்க்கோலி என்பது இந்தத் தண்ணீர்ப்பாம்புதான். கடித்தது ஒன்றுமில்லாத பாம்பு என்று தெரிந்தும், விஷவைத்தியப் பத்தியத்துக்காகப் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறதே என்று சிரித்த பழமொழி அது. பாம்பு எடுத்துக்கொள்ளாத சோற்றை வைத்தியம் எடுத்துக்கொண்டது! அங்கே சோற்றோடு போயிற்று. நமது அம்மாளுக்கு உயிரோடு போயிற்று.

இப்போது மந்திரத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்காக, ஒரு மந்திரிக்கிறவரிடம் பாம்புக்கடி என்று 100 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 70 பேரைக் கடித்தது தண்ணீர்ப்பாம்பு, சாரை முதலிய விஷமில்லாத பாம்புகள் என்று வையுங்கள். மீதி 30 பேரைக் கடித்தவை விஷப்பாம்புகளே ஆனாலும், விஷப்பாம்பு கடிக்கும்போதெல்லாம் விஷத்தைச் செலுத்துவதில்லை. பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதும் உண்டு. அப்படி 10 பேர் தப்பினார்கள் என்று வையுங்கள். ஆக 80 பேர் எதுவும் செய்யாமலே பிழைத்திருப்பார்கள். ஆனால் அந்த 80-ம் மந்திரத்தின் வரவுக் கணக்கில் ஏறுகிறது. செத்துப்போன 20 பேர் எந்தக் கணக்கில் ஏறுகிறார்கள்? "காலம் கடந்து கொண்டுவந்தீர்கள்", "எமகண்டத்தில் கடித்திருக்கிறது", "தீட்டுக்காரி நிழல் பட்டுவிட்டது", "அவன் தலையெழுத்து" என்கிற கணக்கில் ஏறுகிறார்கள். பிழைத்தால் மந்திரம், செத்தால் விதி. இப்படிப்பட்ட கணக்கை ஒரு பலசரக்குக் கடைக்காரன் எழுதினால் அவனை நாம் நம்புவோமா? மந்திரிக்கிறவருக்குப் பதிலாக அவர் திண்ணையில் ஒரு ஆட்டுரலைப் போட்டு வைத்திருந்தாலும் அதே 80 பேர் பிழைத்திருப்பார்கள். ஆட்டுரலுக்குச் சேவல் கொடுக்க வேண்டியதில்லை!

"எங்கள் பாட்டன் காலத்தில் நல்லபாம்பு கடித்தவனையே பிழைக்க வைத்தாரே" என்று சிலர் சொல்லுவார்கள். கடித்தது நல்லபாம்புதான் என்பதற்கும், அது விஷத்தைச் செலுத்திற்று என்பதற்கும் அத்தாட்சி என்ன? பாட்டன் சொன்னது ஒன்றுதான் அத்தாட்சி. இருட்டில் கடித்துவிட்டு ஓடினதை, பயத்தில் பார்த்தவன் சொன்ன சாட்சியை எந்தக் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும்?

"மந்திரம் போகட்டும், மாத்திரையும் விஷக்கல்லும் பொய்யா?" என்று வேறு சிலர் கேட்பார்கள். மேலே சொன்ன ரஸ்ஸல் அந்தக் காலத்தில் பேர்பெற்ற தஞ்சாவூர் மாத்திரையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். அதில் முக்கியமான சரக்கே பாஷாணமாக இருந்தது. விஷக்கல்லை 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலி தேசத்து ரெடி என்பவர் சோதித்துப் பார்த்து, பயனில்லை என்று காட்டிவிட்டார். பச்சிலைக்கு நாம் விரோதிகள் அல்ல. எந்தப் பச்சிலையாவது விஷத்தை முறிப்பதாகச் சோதனையில் காட்டப்படுமானால் அதை முதலில் வாங்குகிறவர்கள் நாமாகவே இருப்போம். சோதிக்க வேண்டாம், நம்பு என்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

"நம்பிக்கையால் தைரியம் வருமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது கடைசிக் கேள்வி. நஷ்டம் நேரம். பாம்பு விஷத்துக்கு முன்னால் நேரமும் உயிரும் வேறு வேறல்ல. 2020-இல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியின்படி, 2000 முதல் 2019 வரை 20 வருஷங்களில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் செத்திருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகள்; காட்டில் வேலை செய்கிறவர்கள்; நாலில் ஒரு பங்கு 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். மாடிவீட்டுக் கட்டிலில் படுக்கிறவனைக் கட்டுவிரியன் தேடிப் போவதில்லை. தரையில் படுக்கிறவனும், செருப்பில்லாமல் இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவனும்தான் சாகிறான். ஆகவே இது ஏழையின் கேள்வி.

இனி, உண்மையான மருந்து எது என்பதைப் பார்ப்போம். 1890-களில் பிரெஞ்சு தேசத்து கால்மெட் முதலானவர்கள், பாம்பின் விஷத்தையே சிறுகச் சிறுக மிருகங்களுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ச் சக்தியை எடுத்து மருந்தாக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். இன்று நமது தேசத்தில் குதிரைகளைக்கொண்டு தயாரிக்கப்படும் அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் வேலை செய்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதைப் பணம் வாங்காமல் போடுகிறார்கள். இதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? காட்டு ஜாதி என்று நாம் ஒதுக்கி வைத்த இருளர்கள். பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பை இழந்த அவர்கள், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்தி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்கிற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. நாகராஜனைப் பூசிக்கிற மேல்ஜாதிக்காரனை நாகம் கடித்தால், பிழைக்க வைப்பது நாகராஜன் அல்ல, இருளன் பிடித்த பாம்பின் விஷம்! ஊசி குத்தும்போது அந்த மருந்தில் தீட்டு இருக்கிறதா என்று எவனாவது கேட்டதுண்டா?

மந்திரிக்கிறவர் மிளகு கொடுத்துச் சோதிக்கிறார் என்று சொன்னோம். ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருந்தால் விரியன் விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்று கண்டுகொள்ளுகிறார்கள். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் கண் இமை தொங்குகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனிக்கிறார்கள். ஒன்றுமில்லை என்றால் ஊசியும் போடாமல், வைத்திருந்து பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். மேலும், பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-இல் சேர்த்திருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரிக் கணக்கில் செத்தவனும் எண்ணப்படுகிறான். மந்திரத்தின் கணக்கில் பிழைத்தவன் மட்டுமே எண்ணப்படுகிறான். எதை நம்புவது?

ஆகையால் தோழர்களே! நாம் சொல்லுவது இதுதான். எந்தப் பாம்பு கடித்தாலும், அது தண்ணீர்ப்பாம்பு என்று நிச்சயமாகத் தோன்றினாலும், நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108 வண்டியையோ கிடைத்த வண்டியையோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்தது தண்ணீர்ப்பாம்புதான் என்றால் புண்ணைக் கழுவி, வேண்டுமானால் ஒரு ஊசி போட்டு அனுப்புவார்கள். கட்டுவிரியன் என்றால் உயிரைக் காப்பாற்ற வழியுண்டு. இராத்திரியில் வெளியே போனால் விளக்கும் செருப்பும் வேண்டும். தரையில் படுப்பதானால் கொசுவலையைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். புற்றுக்கு ஊற்றுகிற பாலைக் குழந்தைக்குக் கொடுங்கள். புற்றைக் கட்டியது கரையான். பால் பாம்பின் ஆகாரமல்ல.

கண்மாயில் தண்ணீர்ப்பாம்பைக் கண்டால் சும்மா விட்டுவிடுங்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் காப்பாற்றச் சொல்லும் பாம்புகளில் அதுவும் ஒன்று. சட்டம் இருப்பதற்காக மட்டுமல்ல. அது நமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதற்காக. தீங்கு செய்யாதவனை அடிப்பதும், தீங்கு செய்கிறவன் காலில் விழுவதும் நமக்குப் பாம்புகளிடம் மட்டும் உள்ள பழக்கமா, மனிதர்களிடமும் உண்டா என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்து யோசித்துப் பார்க்கட்டும். விஷத்துக்குப் பயந்து அதற்கு "நல்ல" என்று பட்டம் சூட்டுகிற புத்தி ஒழியாதவரை, மிளகு கொடுக்கிறவர் திண்ணையில் கூட்டம் குறையாது. அந்த அம்மாளைப்போல் இன்னும் எத்தனை அம்மாள்கள் மிளகு உறைக்க உறைக்கச் சாவது என்பதே நமது கேள்வி.